சென்னை – டொராண்டோ: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

என் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து முதல்முறை டொராண்டோ வந்தபோது, எதிர்வீட்டு மாமா கேட்டாராம், "ஃப்ளைட்டுல எவ்வளவு நேரம் உட்காரணும்?" என்று. அப்பா டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "விடியக்காலை 3:45-க்கு ஏறினா அன்னைக்கு மத்தியானமே 3:20-க்கு இறங்கிடலாம். பன்னிரண்டு மணி நேரம்கூட இல்ல" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கும்பகோணத்தில் வீட்டைப் பூட்டியதிலிருந்து டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் என் வீட்டுக்குள் காலை வைத்தது வரை அவர்களுக்கு ஆனது முப்பத்தைந்தரை மணி நேரம். அம்மா அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

அப்பா பொய் சொல்லவில்லை. டிக்கெட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. வரைபடத்தில் உள்ள தூரம் ஒன்று, விமானம் பறக்கும் நேரம் ஒன்று, டிக்கெட்டில் அச்சடித்த நேரம் ஒன்று, வீட்டிலிருந்து வீட்டுக்கு ஆகும் நேரம் இன்னொன்று. இந்த நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் புதிதாகப் பயணம் போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். சென்னை – டொராண்டோவையே உதாரணமாக வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். உங்கள் பயணம் வேறு ஊருக்கு என்றால் ஊர்ப் பெயரையும் எண்களையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

முதலில், எந்த விமான நிலையம்?

ஊர்ப் பெயரை வைத்துத் தேடாதீர்கள், மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். சென்னைக்கு எம்.ஏ.ஏ. ஊர் மதராஸாக இருந்த காலத்துக் குறியீடு, ஊர்ப் பெயர் மாறியும் அது மாறவில்லை. டொராண்டோ பியர்சனுக்கு ஒய்.ஒய்.இசட். கனடாவின் பெரும்பாலான விமான நிலையக் குறியீடுகள் ஒய்யில்தான் தொடங்கும். டொராண்டோவிலேயே ஏரிக்கரைத் தீவில் ஒய்.டி.இசட். என்ற சின்ன விமான நிலையம் ஒன்றும் இருக்கிறது. ஊரிலிருந்து வரும் பெரிய விமானம் அங்கே இறங்காது, ஆனால் தேடும்போது பட்டியலில் வந்து நிற்கும். இன்னொரு வேடிக்கை, கனடாவிலும் ஒரு லண்டன் உண்டு. டொராண்டோவிலிருந்து காரில் மேற்கே இரண்டு மணி நேரம். லண்டன் வழியாகப் போகிறோம் என்று தேடும்போது, இங்கிலாந்து லண்டனின் விமான நிலையமான ஹீத்ரோ என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தூரம்: நூலை வைத்து அளங்கள்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் சென்னையையும் டொராண்டோவையும் ஸ்கேலால் இணைத்தால் கோடு அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று போகும். அது தப்பான வழி. உருண்டையைத் தட்டையாக விரித்ததால் வந்த கோளாறு அது.

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் அதை எடுங்கள். ஒரு தையல் நூலின் ஒரு முனையைச் சென்னைமேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை டொராண்டோவில் வைத்து, தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறிக்கொள்ளும். டில்லிக்கு மேலே போய், தாஷ்கண்ட் பக்கம் தொட்டு, ரஷ்யாவின் வடமேற்கு மூலையைக் கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்குள் நுழைந்து, கிரீன்லாந்தைத் தாண்டி, கியூபெக் மாநிலத்தின் வழியாக டொராண்டோவில் இறங்கும். கோடு அதிகபட்சம் ஏறக்குறைய 73½ டிகிரி வடக்கு வரை ஏறுகிறது. கோடம்பாக்கத்து வெயிலில் கிளம்பி கோடம்பாக்கத்து வெயிலிலேயே போவதாக நினைத்தவருக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

இப்போது நூலை அளங்கள். என் மகளின் உருண்டை 30 சென்டிமீட்டர் குறுக்களவு, அதாவது சுற்றளவு 94 சென்டிமீட்டர் சொச்சம். பூமியின் நடுக்கோட்டுச் சுற்றளவு 40,075 கிலோமீட்டர். ஆக உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். நூல் 31½ சென்டிமீட்டர் வந்தது. பெருக்கினால் 13,390 கிட்ட வருகிறது. கணினியில் சரியாகக் கணக்கிட்டாலும் இதே 13,390 கிலோமீட்டர்தான். ஒரு நூலுக்கும் ஒரு ஸ்கேலுக்கும் இவ்வளவு துல்லியம் எனக்குப் போதும்.

உருண்டை இல்லாதவர்கள் கூகுள் மேப்ஸில் ஒரு இடத்தை அழுத்திப் பிடித்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்து, மறுமுனை வரை வரைபடத்தை நகர்த்தலாம். அதுவும் உருண்டையின்மீது அளப்பதுபோலத்தான் அளக்கும். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளைத் தட்டினால் தூரத்தோடு வளைகோட்டையும் வரைந்து காட்டும். ஒரு எச்சரிக்கை: ஒரு தளம் கிலோமீட்டரில் சொல்லும், ஒன்று மைலில், ஒன்று கடல் மைலில். 13,390 கிலோமீட்டர்தான் 8,320 மைல், அதுதான் 7,230 கடல் மைல். மூன்று தளத்தில் மூன்று எண்ணைப் பார்த்து எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு இதே கணக்கு ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். கடிகாரம் இந்தியாவுடையதேதான், ஆகவே கீழே நேரத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் அப்படியே பொருந்தும்.

எந்த வழியாகப் போனால் எவ்வளவு?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு இடைநில்லா விமானம் கிடையாது. பறக்க முடியாத தூரம் என்பதால் இல்லை. சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் 15,300 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் போகிறது, பதினெட்டு மணி நேரத்துக்கும் அதிகம். ஆக நமக்கு எப்படியும் ஓர் இடத்தில் இறங்கி ஏறியாக வேண்டும். எந்த இடம் என்பதில்தான் எல்லோரும் மணிக்கணக்கில் விவாதம் செய்கிறார்கள்.

துபாய் வழி: சென்னை – துபாய் 2,930, துபாய் – டொராண்டோ 11,080, மொத்தம் சுமார் 14,010 கிலோமீட்டர். லண்டன் ஹீத்ரோ வழி: 8,230-உம் 5,710-உம் சேர்ந்து 13,940. பிராங்ஃபர்ட் வழி: 7,590-உம் 6,340-உம் சேர்ந்து 13,930. டில்லி வழி: 1,760-உம் 11,640-உம் சேர்ந்து 13,400.

டில்லியைக் கவனியுங்கள். நேர்கோட்டுத் தூரத்தைவிடப் பத்து கிலோமீட்டர்தான் கூடுதல். நூல் டில்லிக்கு மேலேயே போகிறது என்று சொன்னேன் அல்லவா, அதனால்தான். மற்ற மூன்றுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் 540 முதல் 620 கிலோமீட்டர். விமானத்துக்கு அது முக்கால் மணி நேர வேலை.

இன்னொன்றையும் பாருங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் ஏறக்குறைய 2,930 கிலோமீட்டர்தான், துபாய் இருக்கும் அதே தூரம். ஆனால் சிங்கப்பூர் போய் டொராண்டோ போனால் மொத்தம் 17,900 கிலோமீட்டர். எதிர்த் திசையில் எடுத்து வைத்த காலுக்கு 3,900 கிலோமீட்டர் அபராதம். தேடும்போது கிழக்கே போய்ச் சுற்றும் டிக்கெட் விலை குறைவாக வந்து மயக்கும். நூலைக் கையில் எடுத்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

தூரத்தை மணியாக்குவது

பெரிய விமானங்கள் மேலே போய் நிலைகொண்ட பிறகு மணிக்கு 900 கிலோமீட்டர் வாக்கில் பறக்கின்றன. அதனால் 13,390-ஐ 900-ஆல் வகுத்து, பதினைந்து மணி நேரம் என்று முடித்துவிடுகிறோம். ஆனால் விமானம் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் காற்று இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறு மாதிரி காற்று ஓடுகிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். டொராண்டோ போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும் காற்று. அட்லாண்டிக்கைக் கடக்கும் பாதைகளையே இந்தக் காற்றைப் பார்த்துத்தான் தினமும் வரைகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து பகலில் போகும் விமானங்களுக்கு ஒரு தொகுதி, வட அமெரிக்காவிலிருந்து இரவில் வரும் விமானங்களுக்கு இன்னொரு தொகுதி. நேற்றுப் போன வழியில் இன்று போகாமல் இருக்கலாம்.

அதனால் நான் வைத்திருக்கும் சூத்திரம் இது. மேற்கே போனால் தூரத்தை 800-ஆல் வகு. கிழக்கே வந்தால் 900-ஆல் வகு. ஒவ்வொரு விமானத்துக்கும் அரை மணி கூட்டு.

துபாய் – டொராண்டோ 11,080. அதை 800-ஆல் வகுத்தால் 13 மணி 51 நிமிடம், அரை மணி சேர்த்தால் 14 மணி 21 நிமிடம். அப்பாவின் டிக்கெட்டில் இருந்தது 14 மணி 20 நிமிடம். திரும்பி வரும்போது 900-ஆல் வகுத்தால் 12 மணி 49 நிமிடம். ஒரே தூரம், ஒன்றரை மணி நேர வித்தியாசம். லண்டன் – டொராண்டோ போக 7 மணி 38 நிமிடம், வர 6 மணி 51 நிமிடம். இவையெல்லாம் நடைமுறையில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே ஒத்துவரும்.

மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். துபாய் வழி பறக்கும் நேரம் 18½ மணி, லண்டன் வழி 18 மணி 25 நிமிடம், பிராங்ஃபர்ட் வழியும் அதேதான். வழியைப் பற்றி வீட்டில் நடந்த விவாதம் அத்தனையும் ஆறு நிமிடத்துக்காக! உங்கள் நேரத்தைத் தின்னப்போவது இடையில் காத்திருக்கும் நேரம். அதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.

கணக்கு ஒத்துவராத இடம் ஒன்று உண்டு. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து, ரஷ்யாவின் வான்வெளி கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய விமானங்களுக்கு மூடப்பட்டது. வளைகுடா, இந்திய விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது, மற்ற நாட்டு விமானங்களுக்கு மூடவில்லை. டில்லி – டொராண்டோ நூல் இந்த இரண்டு நாட்டின் மேலும் போகிறது. ஆக ஒரே டில்லி – டொராண்டோ பயணத்துக்குக் கனடிய விமானம் ஒரு மாதிரி சுற்றும், இந்திய விமானம் வேறு மாதிரி சுற்றும். பாகிஸ்தான் மூடியபின் டில்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகும் நிலையும் வந்தது. பத்து கிலோமீட்டர்தான் கூடுதல் என்று டில்லி வழியைப் புகழ்ந்தேனே, அது காகிதத்தில். நூல் காட்டும் தூரத்தை நம்பலாம், ஆனால் நூலுக்கு எல்லைக்கோடு தெரியாது.

இதற்கு வழி, விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் போட்டுக் கடந்த ஒரு வாரத்தைப் பார்ப்பது. எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது, எந்த நாட்டுக்கு மேலே போனது எல்லாம் வந்துவிடும். ஏழு நாளில் ஐந்து நாள் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால், இடையில் ஒன்றரை மணி நேரம் மட்டும் உள்ள டிக்கெட்டை நான் தொடமாட்டேன்.

டிக்கெட்டில் உள்ள நேரம்: எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். டிக்கெட்டில் அச்சடித்த ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சென்னையில் கிளம்புவது சென்னை நேரம், துபாயில் இறங்குவது துபாய் நேரம், டொராண்டோவில் இறங்குவது டொராண்டோ நேரம். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் வருவது பயண நேரம் அல்ல. அப்பா செய்தது அதைத்தான்.

பழைய டைரித் தாள் ஒன்றை எடுத்து இடப்பக்கம் டிக்கெட் நேரத்தையும் வலப்பக்கம் இந்திய நேரத்தையும் எழுதுங்கள். அப்பாவின் ஜூலை மாதத் தாள் இப்படி இருந்தது:

சென்னை கிளம்புவது, ஞாயிறு 3:45 காலை. இந்திய நேரமும் அதேதான்.
துபாய் இறங்குவது, ஞாயிறு 6:35 காலை. இந்திய நேரம் 8:05.
துபாய் கிளம்புவது, ஞாயிறு 9:00 காலை. இந்திய நேரம் 10:30.
டொராண்டோ இறங்குவது, ஞாயிறு 3:20 மாலை. இந்திய நேரம் திங்கள் 12:50, நள்ளிரவு தாண்டி.

வலப்பக்கத்தில் மேலும் கீழும் கழித்தால் 21 மணி 5 நிமிடம். முதல் விமானம் 4:20, காத்திருப்பு 2:25, இரண்டாம் விமானம் 14:20. கூட்டினால் அதே எண் வரும். வராவிட்டால் எங்கோ மணி மாற்றுவதில் தவறு, திரும்பப் போடுங்கள்.

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், வருடம் முழுவதும் அப்படியே. டொராண்டோ அப்படி இல்லை. கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுப்பார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இதே வேலையை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் செய்கிறார்கள். அதனால் வருடத்தில் சில வாரம் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்குதான் வித்தியாசம் இருக்கும். மார்ச்சிலோ, அக்டோபர் கடைசி – நவம்பர் தொடக்கத்திலோ பயணம் என்றால் இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

மனக்கணக்குக்கு இங்கே எல்லோரும் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறோம். டொராண்டோவில் மாலை 3:20. மாலையைக் காலையாக்கு, 3:20 காலை. கோடையென்றால் அதிலிருந்து இரண்டரை மணி கழி, இந்தியாவில் 12:50. குளிர்காலமென்றால் ஒன்றரை மணி கழி. ஊருக்கு ஃபோன் போடுவதற்கு முன் இதைப் போட்டுப் பார்க்காவிட்டால் அத்தையை நடுராத்திரியில் எழுப்பிவிடுவோம்.

மேற்கே பகலில் பறக்கும்போது ஒரு விசித்திரம் உண்டு. காலை ஒன்பதுக்குத் துபாயில் ஏறினால் பதினான்கு மணி நேரம் கழித்து இறங்கும்போதும் வெயில் அடிக்கும். 60 டிகிரி வடக்கில் பூமி சுழலும் வேகம் மணிக்கு 835 கிலோமீட்டர்தான், விமானமும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. சூரியன் ஜன்னலில் ஒட்டிக்கொண்டே வரும். "இன்னும் சாயங்காலம் ஆகலையா?" என்று அம்மா மூன்று முறை அப்பாவைக் கேட்டாராம். வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சூரியனைப் பார்த்துச் சாப்பிட்டால் கணக்குத் தப்பிவிடும். கிளம்பும் முன்பே மருத்துவரிடம் டைரித் தாளைக் காட்டி, எந்தெந்த நேரத்தில் எது என்று இந்திய நேரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை மாற்ற வேண்டாம். செல்ஃபோன் தானாக மாறிக்கொள்ளட்டும், அது விமானம் பிடிக்க.

நள்ளிரவுப் பொறி

சென்னையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. ஞாயிறு 3:45 காலை என்றால் சனிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இரவு பெட்டியோடு மீனம்பாக்கத்தில் போய் நிற்கிறார். என் குடும்பத்தில் அது சித்தப்பா. டிக்கெட் எடுத்துக் கொடுத்தது நான். "ஞாயிறு ராத்திரி ரெண்டு மணி ஃப்ளைட்" என்று நான் வாய்தவறிச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, புது டிக்கெட் காசாகப் போனது. இப்போதெல்லாம் யாருக்குச் சொன்னாலும் "சனிக்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பு" என்று கிளம்பும் நேரத்தைத்தான் சொல்கிறேன், விமான நேரத்தைச் சொல்வதில்லை.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1, +2 என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். கிளம்பிய தேதிக்கு அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று பொருள். போகும்போது பெரும்பாலும் இருக்காது, வரும்போது தவறாமல் இருக்கும்.

இடையில் எவ்வளவு நேரம் வேண்டும்?

ஒரே பி.என்.ஆர். எண்ணில் இரண்டு விமானமும் இருந்தால் இரண்டரை மணி நேரம் போதும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதை விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் வேலை. பெட்டியும் சென்னையில் போட்டால் டொராண்டோவில்தான் வரும். வயதானவர்கள் என்றால் மூன்றிலிருந்து நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலியும் கேட்டுவிடுங்கள். நடக்க முடிகிறவர்களுக்கும் கேட்கலாம். கூடவே ஆள் வந்து அடுத்த கேட் வரை கொண்டுபோய் விடுவதுதான் அதன் உண்மையான பயன்.

தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்துச் சேர்ப்பது புதியவர்களுக்கு வேண்டாத வேலை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டிவரும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசா வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இறங்கி மாறும் நாட்டில் டிரான்ஸிட் விசா தேவையா என்பதை அந்த நாட்டின் அரசுத் தளத்தில் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, போன வருடம் போய்வந்தவர் சொல்வது இந்த வருடம் செல்லாமல் போகலாம்.

டில்லி வழியாகத் திரும்புகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் குடியேற்றச் சோதனை. வழக்கமாகப் பெட்டியையும் அங்கேயே எடுத்துச் சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்குத் திரும்பப் போட வேண்டும். அதற்குத் தனியாக நேரம் வையுங்கள். கனடாவிலும் அப்படித்தான், டொராண்டோவில் இறங்கி வான்கூவர் போகிறவருக்கும் குடியேற்றச் சோதனை டொராண்டோவிலேயே.

வீட்டிலிருந்து வீட்டுக்கு

கடைசிக் கணக்கு. அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் காரில் கிளம்பினார்கள். வழியில் ஒரு சாப்பாடு, இரண்டு காபி. இரவு 11 மணிக்கு விமான நிலையம். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவதால், சாலையில் ஏதாவது நேர்ந்தால் என்று இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் கூடுதலாக வைத்திருந்தோம். விழுப்புரம் தாண்டி சென்னை போகும் சாலையைச் சனிக்கிழமை மாலை பார்த்தவர்கள் இதைக் குறை சொல்லமாட்டார்கள். சென்னைக்குள்ளிருந்தே வருகிறவர்களுக்கு மெட்ரோ நேராக விமான நிலையம் வரை இருக்கிறது, ஆனால் அது இரவு முழுக்க ஓடாது. பெட்டியோடு கடைசி வண்டியை நம்புவதா என்பது அவரவர் துணிச்சல்.

டொராண்டோவில் 3:20-க்கு இறங்கி, குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 5 மணி. பியர்சனிலிருந்து ஸ்கார்பரோ நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம், மாலை 401 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். வீட்டில் 6 மணி, இந்தியாவில் அப்போது திங்கள் காலை 3:30. சனிக்கிழமை மாலை 4-லிருந்து எண்ணுங்கள், முப்பத்தைந்தரை மணி நேரம். இதில் விமானத்தில் இருந்தது 18 மணி 40 நிமிடம், பாதிக்குச் சற்றே மேல். டவுன்டவுன் பக்கம் போகிறவர்களுக்கு யூ.பி. எக்ஸ்பிரஸ் ரயில் 25 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷன் கொண்டுபோய் விடும். நெரிசல் தொல்லை இல்லை.

திரும்பும் பயணத்துக்கும் அதே டைரித் தாளின் பின்பக்கம். வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு டொராண்டோவில் கிளம்பி, 12 மணி 50 நிமிடம் பறந்து, துபாயில் சனி மாலை 6:50. இரவு 9:30-க்கு அடுத்த விமானம், நான்கு மணி நேரம். சென்னையில் ஞாயிறு விடியற்காலை 3 மணி, டிக்கெட்டில் +2. இந்திய நேரத்தில் பார்த்தால் சனி காலை 7:30-க்குக் கிளம்பி 19½ மணி நேரம், போனதைவிட ஒன்றரை மணி நேரத்துக்குமேல் குறைவு, காற்றின் புண்ணியம். அழைத்துப்போக வரும் தம்பிக்கு "வெள்ளிக்கிழமை கிளம்பறாங்க" என்று மட்டும் சொன்னால் அவன் சனிக்கிழமை விடியற்காலையே சென்னையில் வந்து நிற்பான். "சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குக் கும்பகோணத்துலேர்ந்து காரை எடு" என்று சொல்லுங்கள். விமான எண்ணையும் அனுப்பிவையுங்கள், கிளம்பும் முன் அவனே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வான்.